மாசு எனப்படுவது யாது? – புளோரைடு படிகங்கள் தரும் விடை



ஒரு படிகத்துள் புகுந்த வேறோர் அணுவை நம் அறிவியல் நூல்கள் 'மாசு' என்கின்றன. அதனை வேண்டுமென்றே சேர்ப்பதை 'மாசூட்டல்' என்கின்றன. இவ்விரு நிலைகளையும் ஒரே சொல் தாங்குமா என்பதே இன்று நான் எழுப்பும் வினா. விடையைப் புளோரைடு படிகங்களிடமே கேட்போம்.

தூய கால்சியம் புளோரைடு நிறமற்றது. ஏறத்தாழ 130 நானோமீட்டர் புறஊதாவிலிருந்து 9 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு வரை ஒளியைத் தன்னூடே செல்லவிடும். மண்ணிலிருந்து எடுக்கப்படும் அதே கனிமமோ ஊதா, பச்சை, மஞ்சள் எனப் பல நிறங்காட்டும். நுண்ணளவில் கலந்த அருமண் தனிமங்களும், கதிர்வீச்சால் அணிக்கோவையில் நேர்ந்த குறைகளும் அந்நிறங்களுக்குக் காரணமாகின்றன. சில படிகங்கள் புறஊதா பட்டதும் நீலமாய் ஒளிரும். அது பெரும்பாலும் யூரோப்பியத்தின் செயல். 1852இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் இத்தகைய ஒளிர்வுக்குப் 'புளோரசென்ஸ்' எனப் பெயரிட்டது இக்கனிமத்தின் பெயரைக் கொண்டேயாம். கலப்பால் வந்த பண்பு, படிகத்தின் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது!

வேற்றணு பண்பை எவ்வாறு மாற்றுகிறது? கால்சியம் அயனியின் மின்சுமை +2. அவ்விடத்தில் +3 சுமையுடைய அருமண் அயனி அமர்ந்தால் ஒரு நேர்மின்சுமை மிகும். அதனை ஈடுசெய்யப் புளோரைடு அயனியொன்று அணிக்கோவையின் இடைவெளியில் குடியேறும். இடம்பெயரவல்ல இவ்வயனிகள் பெருகினால் படிகத்தின் மின்கடத்துதிறன் உயரும். லித்தியம் புளோரைடில் மக்னீசியம் கலந்தால், அணுத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது தடைப்பட்டுப் படிகம் கடினமாகும். பொன்னோடு செம்பு சேர்த்துப் பொற்கொல்லர் நகைக்கு உறுதி தருவதும் இத்தகையதே. அவருக்கு அச்செம்பு மாசன்று, தேவை.

கெடுக்கும் கலப்பும் உண்டு. 193 நானோமீட்டர் லேசரால் மின்னணுச் சில்லுகளை வடிக்கும் கருவிகளில் கால்சியம் புளோரைடு வில்லைகள் பயன்படுகின்றன. 1,400 பாகை செல்சியசுக்கு மேல் உருக்கிப் படிகம் வளர்க்கையில் சிறிதே ஈரம் நுழைந்தாலும், ஆக்சிஜன் உள்ளே தங்கிப் புறஊதாவை விழுங்கிவிடும். எனவே ஈயப் புளோரைடைச் சிறிது சேர்ப்பர். அது ஆக்சிஜனைப் பற்றி, ஈய ஆக்சைடாகி, ஆவியாய் வெளியேறும்.

மறுபுறம், 1960இல் பீட்டர் சொரோக்கினும் மிரெக் ஸ்டீவன்சனும் யுரேனியம் சேர்த்த கால்சியம் புளோரைடிலிருந்து லேசர் ஒளியைப் பெற்றனர். மக்னீசியமும் டைட்டேனியமும் சிறிதளவு சேர்ந்த லித்தியம் புளோரைடு, கதிர்வீச்சுச் சூழலில் பணிபுரிவோர் பெற்ற கதிரளவைத் தன்னுள் பதித்து வைத்து, சூடாக்கும்போது ஒளியாய் உமிழ்ந்து தெரிவிக்கிறது. மனிதரின் நலங்காக்கும் இக்கலப்பையும் மாசு என்பதா?

யூரோப்பியத்தை மீண்டும் நோக்குங்கள். வில்லையில் அது குறை. கதிர்வீச்சைக் கண்டறியும் ஒளிர்படிகத்தில் அதுவே உயிர். ஆகவே, 'மாசு' என்பது அணுவின் இயல்பன்று. நம் நோக்கம் வழங்கும் தீர்ப்பு.

எனவே மூன்று சொற்களை முன்வைக்கிறேன். பொதுப்பெயர் 'வேற்றணு', வேண்டாது புகுந்தால் 'மாசு', வேண்டிச் சேர்த்தால் 'ஊட்டணு'. நன்மைக்காக மாசை ஏன் ஊட்டுகிறோம் என்று மாணவர் திகைக்கும் நிலை இதனால் நீங்கும். ஆசிரியப் பெருமக்கள் இவற்றை வகுப்பறையில் வழங்கிப் பார்த்து, குறைகண்டால் திருத்த வேண்டுகிறேன். சொல் தெளிந்தால் பொருள் தெளியும்.