பிரோஸ் ஷாவின் நகரங்களும் அசோகன் தூணும்

புதிய நகரங்களை நிறுவிப் புகழ் தேடிய மன்னர் பலர். முன்னோர் எழுப்பியவற்றைப் பழுதுபார்த்துக் காத்த மன்னர் சிலரே. அவ்விரு பணிகளையும் ஒருங்கே செய்தவர், 1351 முதல் 1388 வரை டில்லியில் அரசோச்சிய சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் ஆவார்.

டில்லிக்கு மேற்கே ஹிசார் என்னும் நகருக்கு அவர் 1354ஆம் ஆண்டில் அடிகோலினார். அந்நிலம் வறண்ட நிலம். கோடைக் காலத்தில் அவ்வழியே வந்த பயணிகள் ஒரு குடம் நீருக்கு நான்கு காசு கொடுத்தனர் என்று ஷம்ஸ் சிராஜ் அபீப் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். மதிலை மட்டும் எழுப்பினால் அங்கே மக்கள் வாழ்தல் இயலாது என்பதைச் சுல்தான் உணர்ந்தார். யமுனை, சத்லஜ் ஆகிய ஆறுகளினின்றும் கால்வாய்கள் வெட்டுவித்தார். அதன் பயனாக, ஒருபோகம் விளைந்த நிலம் இருபோகம் விளைந்தது. 1359இல் கோமதி நதிக்கரையில் ஜோன்பூர் நகரும் தோன்றியது. யமுனைக் கரையில் பிரோசாபாத் என்னும் புதிய டில்லியும் எழுந்தது.

மின்னல் தாக்கிச் சிதைந்த குதுப் மினாரின் உச்சி நிலைகளை மீண்டும் கட்டுவித்தவர் இவரே. அலாவுதீன் கில்ஜி அமைத்த பெருங்குளம் தூர்ந்து கிடந்தது. அதனைத் தூர்வாரி, கரையிலே கல்விக்கூடம் ஒன்றையும் எழுப்பினார். தம் கட்டடங்களிலும் முன்னோர் கட்டடங்களுக்கே முதலிடம் அளித்ததாக அவரே எழுதிவைத்துள்ளார்.

எனினும், இப்பணிகளின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. சுல்தானிடம் ஓரிலட்சத்து எண்பதினாயிரம் அடிமைகள் இருந்தனர் என்றும், அவருள் பன்னீராயிரவர் கைவினைஞர் என்றும் அபீப் கூறுகிறார். புதிதாகக் கட்டப்பெற்ற கோயில்கள் சிலவற்றை இடிப்பித்ததையும் சுல்தான் பெருமையுடனேயே பதிந்துள்ளார். காத்த கையே அழித்த கையாகவும் இருந்தது.

இத்தகைய மன்னரின் கண்ணிலே தோப்ரா என்னும் ஊரில் நின்ற ஒற்றைக் கல்தூண் பட்டது. அதனைப் பிரோசாபாத்துக்குக் கொண்டுவர அவர் விழைந்தார். தூணைச் சுற்றி இலவம்பஞ்சைக் குவித்து, அடிமண்ணை அகழ்ந்து, பஞ்சின் மீது மெல்லச் சாய்த்தனர். நாணலும் பதனிடாத தோலும் சுற்றி, நாற்பத்திரண்டு சக்கர வண்டியில் ஏற்றினர். சக்கரம் ஒன்றுக்கு இருநூறு பேர் வடம் பிடித்திழுத்து யமுனைக்குக் கொணர்ந்தனர். பின்னர் பெரும் ஓடங்களிலே தூண் டில்லியை அடைந்தது.

தூணிலே எழுத்துகள் காணப்பட்டன. அறிஞரை அழைத்துப் படிக்கச் சொன்னார் சுல்தான். ஒருவராலும் இயலவில்லை.

நானூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. 1837ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்செப் என்னும் ஆங்கிலேயர் அப்பிராமி எழுத்துகளைப் படித்தறிந்தார். அவற்றைப் பொறிப்பித்தவன் ‘பியதசி’ என்னும் அரசன் என்பது தெரிந்தது. அப்பியதசி யார் என்னும் வினாவுக்கு விடை இலங்கையிலிருந்து சென்றது. இலங்கை அரசாங்க சேவையில் இருந்த ஜோர்ஜ் டேர்னர், தீபவம்சம் என்னும் பாளி நூலின் துணைகொண்டு, அவனே அசோகப் பேரரசன் என்று காட்டினார்.

தூண் சொன்ன செய்திதான் யாது? மனிதருக்கும் விலங்குகளுக்கும் நிழல் தர வழியோரங்களில் ஆலமரங்கள் நட்டமையும், மாந்தோப்புகள் வைத்தமையும், கிணறுகள் தோண்டியமையும், தங்குமடங்கள் அமைத்தமையும் அதிலே கூறப்பட்டுள்ளன. பிற சமயத்தாரையும் அரசன் போற்றிய செய்தியும் அதில் உண்டு. கால்வாய் வெட்டிய சுல்தான், தம்மைப் போலவே நீரறம் செய்த ஒருவனின் சொற்களைத் தம் கோட்டையின் உச்சியிலே நிறுத்தியிருந்தார். தமக்கு வேண்டியிருந்த அறிவுரையும் அதே கல்லில் இருந்ததை அவர் அறிந்திலர்.

பிரோசாபாத்தின் கற்களைப் பிற்காலத்தவர் வேறு கட்டடங்களுக்குப் பெயர்த்துச் சென்றனர். மாளிகைகள் இடிபாடுகளாயின. ஹிசாரும் ஜோன்பூரும் இன்றும் மக்கள் வாழும் நகரங்களாக விளங்குகின்றன. சிதைந்த கோட்டையின் நடுவே தூண் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது.