வேடந்தாங்கலும் நம் குழந்தைகளும்
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்தில் யாதேனும் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுமாறு நமது காரியதரிசியவர்கள் என்னைக் கேட்டபோது, கல்வி நிதியைப் பற்றியோ விவாகச் செலவைப் பற்றியோ பேசுவேனென்று எதிர்பார்த்திருக்கலாம். அவற்றைப் பேச வல்லோர் இங்குப் பலர் உளர். யான் சொல்லப் புகுவது சிறு விஷயம்போற் காணப்படும். ஆயினும் அதில் யான் அடைந்த நஷ்டம் சிறிதன்று.

நம்மவர் குடும்பத்தோடு பிரயாணஞ் செய்வதில்லை என்று சொல்லுதற்கில்லை. கலியாணம், காதணி விழா, குலதெய்வ வழிபாடு என்று வருஷத்தில் பல முறை புறப்படுகின்றோம். அங்கெல்லாம் பெரியோர் உறவினருடன் பேசிக்கொண்டிருக்க, குழந்தைகள் பந்தற்கால்களைச் சுற்றிப் பொழுதைக் கழிக்கின்றனர். குழந்தைகளுக்காகவென்றே ஒரு நாள் புறப்பட்டு, ஓர் ஏரியையோ அருவியையோ காட்டி வந்தவர் நம்முள் எத்தனை பேர்?

என் மூத்த குமாரன் ஏழு வயதில் வேடந்தாங்கலைப் பற்றி எங்கோ கேள்வியுற்று, “அப்பா, அங்கே எப்போது போவோம்?” என்றான். கடையில் ஆளில்லை என்றேன். மறு வருஷம் மழையென்றேன். அதற்கு மறு வருஷம் என்ன சொன்னேனென்பது நினைவில்லை. எட்டு வருஷம் கழித்து யானே அழைத்தபோது, “நீங்கள் போய் வாருங்கள் அப்பா, எனக்குப் பரீட்சை இருக்கிறது” என்றான். அவன்மீது குற்றமில்லை. கேட்ட காலத்தில் கொடாததைக் கேளாத காலத்தில் நீட்டியவன் யானே. ஆறு வயது மகளையும் அவள் தாயாரையும் மட்டும் அழைத்துச் சென்றேன்.

சென்னையினின்று தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் செங்கற்பட்டைக் கடந்து, படாளத்தில் மேற்கே திரும்பினால் வேடந்தாங்கலை அடையலாம். ஏரியின் பரப்பு சுமார் 74 ஏக்கர்தான். ஏரி நடுவே நீரில் நிற்கும் மரங்களிலெல்லாம் கிளைக்குக் கிளை கூடுகள். மரத்தைச் சுற்றி நீர் நிற்பதால் பூனை முதலியவை குஞ்சுகளை எளிதில் அணுகா. அதனாலன்றோ அவை அவ்விடத்தைத் தேர்ந்துகொள்கின்றன!

கரையிலே நின்றபடி என் மகள் முதலிற் கண்டது நத்தைகுத்தி நாரையை. அதன் அலகின் நடுவே ஓர் இடைவெளி உண்டு. “அதற்கு வாய் உடைந்துவிட்டதா?” என்று கேட்டாள். அருகில் நின்ற உள்ளூர் முதியவர் ஒருவர், “இல்லையம்மா, அது நத்தை தின்னுகிற வாய். குஞ்சுக்கு அந்த இடைவெளி இராது, வளர வளரத்தான் உண்டாகும்” என்றார். அதன்பின் அவள் ஒவ்வொரு கூட்டிலும் குஞ்சின் வாயைத் தேடலானாள். கழுத்தை மட்டும் நீருக்கு மேல் நீட்டிப் பாம்பைப்போல் நீந்தும் பாம்புத்தாராவையும், சிறகை விரித்து வெயிலில் உலர்த்தும் நீர்க்காகத்தையும், கரண்டிபோன்ற அலகால் நீரை இருபுறமும் துழாவும் கரண்டிவாயனையும் கண்டாள். யாரும் அதட்டாமலே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வீட்டில் ஒரு நாழிகை அமராத பெண், ஒரே கூட்டை நெடுநேரம் பார்த்திருந்தாள். அவ்வயதில் குழந்தை ஐயங்களை நம்மிடம் கேட்கின்றது. பிறகு கேட்பதற்கு அதற்கு வேறு மனிதர் வந்துவிடுகின்றனர்.

அம்முதியவர் தம் ஊரைப் பற்றிச் சொன்னதையும் இங்குக் குறிப்பிட விரும்புகின்றேன். வெள்ளையர் இப்பறவைகளைச் சுடலாயினமையின், ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798-இல் பிளேஸ் துரை பறவைகளைக் காக்க உத்தரவு அளித்தார். அரசாங்கம் இதனைச் சரணாலயமாக அங்கீகரித்தது 1936-இல். 2022-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் உத்தரவுகளுக்கு முன்னரே காத்தவர் உழவரே. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகின்றது. பறவைகள் அஞ்சுமென்று தீபாவளியிலும் அவ்வூரார் வெடி வெடிப்பதில்லை. இதைக் கேட்ட என் மகள், “அந்த ஊர்ப் பிள்ளைகள் அழமாட்டார்களா?” என்றாள். முதியவர் நகைத்தார்; யான் விடை சொல்ல அறியாது நின்றேன்.

செல்ல விரும்புவோர்க்குச் சில வார்த்தைகள். மழை பொய்த்து ஏரி வற்றிய வருஷங்களில் பறவைகள் மிகக் குறைவாகவே வரும். ஆதலின் நீர் இருப்பை விசாரித்தே புறப்படுக. காலையிலாவது, இரை தேடச் சென்றவை திரும்பும் மாலையிலாவது கரையில் இருத்தல் நன்று. பார்வைக் கோபுரத்தின்மேல் குழந்தைகளை முன்னே நிறுத்துங்கள். நம் பெரியோர் அங்கும் முன்வரிசையை விடுவதில்லை! சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம்: ஐந்து வகைச் சித்திரான்னம் வேண்டா. முதல் நாள் இரவெல்லாம் அடுப்படியில் நின்று களைத்த தாய்க்கு நாரை எங்கே கண்ணில் படும்? இட்டலியும் தண்ணீரும் போதும். இலையையும் காகிதத்தையும் வீட்டிற்கே திரும்பக் கொண்டு வருக.

டிசம்பர் மாதக் கடைசியில் பள்ளிக்கூடங்களுக்கு அரையாண்டு விடுமுறை. மழை நன்கு பெய்த வருஷமாயின், கூடுகள் நிறைந்திருக்கும் காலமும் அதுவே. என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. இவ்வருஷமும் போகவேண்டுமென்கிறாள், போகின்றோம். வெளியூரில் படிக்கும் மூத்தவனுக்கும் எழுதியிருக்கின்றேன். இன்னும் பதில் வரவில்லை.