விளையாட்டுக்கு இட்ட இசை
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கணினி விளையாட்டுக்கு இசையமைப்பது பற்றி இந்து வாலிபர் கூடிய சபையிலே பேச என்ன இருக்கிறது என்று முன்வரிசைப் பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்திலும் நியாயமுண்டு. ஆயினும் புதிதாக ஒன்றைச் செய்த இளைஞன் அதனை யாரிடம் காட்டுவது, அவர் சொல்வதை எவ்வாறு கேட்பது என்னும் கேள்வி எல்லாத் தொழிலுக்கும் பொதுவானது. அக்கேள்வியில் நாம் பட்ட பாட்டையே இன்று சொல்ல வந்தோம்.

கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சி குமரகோட்டத்திலே கந்தபுராணத்தை அரங்கேற்றத் தொடங்கியபோது, முதற்பாட்டின் முதற்சொல்லிலேயே புணர்ச்சி வழுவென்று சபையில் ஒருவர் எழுந்து தடுத்த வரலாற்றை நாம் கோயிலிலே கேட்டிருக்கிறோம். முருகப்பெருமானே சோழநாட்டுப் புலவராய் வந்து வீரசோழியத்தில் விதி காட்டினார் என்பர். ஆண்டவன் அடியெடுத்துக் கொடுத்த நூலுக்கே அந்தக் கதி. நமக்கோ வீரசோழியத்தோடு வர யாருமில்லை.

இனி, விளையாட்டிசை என்பது யாதெனச் சிறிது கூறவேண்டும். 2023ஆம் ஆண்டிலே கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்து ‘வெண்பா’ என்றொரு விளையாட்டு வெளிவந்தது. 1980களில் அங்கு குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் சமையலறையே அதன் களம். பல காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலிலே அதற்கென்று புதிய பாடல்கள் அமைக்கப்பட்டன. 2024இல் சிறந்த முதற்படைப்புக்கான பிரித்தானிய பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தது. ஆகவே இது சிறுபிள்ளை வேலையென்று தள்ளத்தக்கதன்று.

சினிமாப் பாட்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பாட்டு தொடங்கும், முடியும். விளையாட்டிசையோ ஆடுபவன் அவ்விடத்தை விட்டு நீங்கும்வரை சுற்றிச் சுற்றி வரும். நாற்பது விநாடி மெட்டொன்றை அரைமணி நேரம் ஒரே கட்டத்தில் சிக்கிக் கிடப்பவன் நாற்பத்தைந்து முறை கேட்பான். முதன்முறை இனித்தது பத்தாம் முறை புளிக்கும். ஆகையால் மெட்டைத் தனியே போட்டுக் காட்டி “எப்படி?” என்று கேட்பதில் அதிக பயனில்லை. 1985இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டுக்கு இசையமைத்த ஜப்பானியரான கோஜி கொண்டோ முதலில் மெதுவான நடையில் ஒரு மெட்டு அமைத்தார். விளையாட்டு வளர்ந்து ஓட்டமும் தாவலுமாக ஆனபோது மெட்டு அதனோடு ஒட்டவில்லை. அவர் நடையை விரைவாக்கி அமைத்ததைத்தான் உலகம் இன்றும் முணுமுணுக்கிறது.

நிற்க. எம் நண்பர் இருவர் ஒரு சிறு விளையாட்டைச் செய்தனர். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயலொன்றில் இரவுக் காவல். பரண்மேல் இருப்பவன் பன்றியும் யானையும் வரும் திசையைச் செவியால் அறிந்து விரட்டவேண்டும். இசை எமது பங்கு. மிஷன் பாடசாலையிலே பாடகர் குழுவோடு நின்று பழகிய பழக்கத்தைத் தவிர எமக்கு வேறு மூலதனம் இல்லை. அதன் பலனாக, விளையாட்டில் வரும் வைரவர் கோயிலுக்கு நாம் அமைத்த இசையைக் கேட்ட சங்கத்துப் பெரியவர் ஒருவர், “தம்பி, வைரவருக்கு நத்தார் கொண்டாடுகிறீரோ?” என்றார். சிரிப்பு அடங்கியபின் யோசித்துப் பார்த்தோம். அவர் சொன்னது முழு உண்மை. அதை அழித்துவிட்டு உடுக்கை ஒன்றை மட்டும் வைத்தோம்.

நண்பர்களிடம் அனுப்பினால் ‘சூப்பர்’ என்ற சொல்லும் கட்டைவிரற் படமும் வரும். அவர்கள்மேற் குற்றமில்லை. எம் மனம் நோகக்கூடாதென்று அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அதை வைத்து ஒரு சுரத்தையேனும் திருத்த முடியாது.

இரவுக் காட்சிக்கு அடியிலே தாழ்ந்த முழக்கம் ஒன்றை ஓயாமல் ஒலிக்கவிட்டிருந்தோம். இருளின் கனத்தை அது காட்டும் என்பது எமது எண்ணம். இத்துறையில் அனுபவமுள்ள அயல்நாட்டவர் ஒருவருக்கு அனுப்பினோம். அந்த முழக்கமே மிகச் சிறந்தது, இன்னும் கூட்டுக என்று எழுதினார். பெருமையில் இரண்டு நாள் நித்திரையில்லை. கூட்டினோம்.

பின்பு ஒருநாள் மாலை வீட்டிலே விளையாட்டைச் சோதித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் சுளகை வைத்துவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போய் வானத்தை அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்து, “உதை நிப்பாட்டு தம்பி. வண்டு சுத்துற மாதிரிக் கிடக்கு” என்றார்.

வண்டு என்பது எது என்று இந்தச் சபையில் விளக்கவேண்டியதில்லை. ஆளில்லா வேவு விமானத்துக்கு வன்னிச் சனங்கள் இட்ட பெயர் அது. 2009இல் நாம் சிறு குழந்தைகள். அந்த ஒலி எமக்கு நினைவில் இல்லை என்றே எண்ணியிருந்தோம். நினைவில்லாமலா இரவு என்றவுடன் கை தானாக அந்தச் சுரத்துக்குப் போயிற்று? இதற்கு எமக்கு இன்னமும் விடை தெரியாது.

அயல்நாட்டவர் சொன்னது பொய்யன்று. அவர் செவிக்கு அது வெறும் இருள். பெரியம்மாவின் செவிக்கு அது வேறு. இரண்டையும் சேர்த்துப் பாதி குறைப்போமா என்றார் நண்பர். அதைப் பாதியாகக் குறைத்தால் பெரியம்மா பாதித் தூரமா முற்றத்துக்குப் போவார்? முழுவதும் எடுத்தோம். எடுத்த இடத்தில் என்ன வைப்பதென்று தெரியாமல் ஒரு வாரம் வெறுமையாய்க் கிடந்தது.

அப்போதுதான் வயல்காவல் கிடந்த மாமா ஒருவரிடம் போனோம். “நல்லாயிருக்கிறதா?” என்று கேட்காமல், “இரவில் யானை வருவதை எப்படி அறிவீர்கள்?” என்று கேட்டோம். தவளைச் சத்தம் ஓரிடத்தில் நிற்கும், ஆட்காட்டி கத்தும், அதன்பிறகே யானைவெடி எடுப்போம் என்றார். எமக்கு வேண்டிய இசையமைப்பு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. தவளையொலி ஒரு திசையில் அடங்குவதும், ஆட்காட்டியின் குரலும், பிறகு பறையும். அவ்வளவே.

நம் கூத்துக்காரருக்கு இந்த வழி பழையது. முள்ளியவளையிலே கோவலன் கூத்துப் பழக்கும் அண்ணாவியார், பாட்டை ஆட்டத்தோடு வைத்தே திருத்துவார். காலும் தாளமும் எங்கே பிசகுகின்றன என்பதையே பார்ப்பார். நாமும் இப்பொழுது ஒன்றும் கேட்பதில்லை. கருவியை ஆடுபவர் கையிற் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்கிறோம். எந்த இடத்தில் அவர் ஒலியைக் குறைக்கிறார், எந்த இடத்தில் தலையை அசைக்கிறார் என்று ஒரு கொப்பியில் எழுதுகிறோம். சிலர் ஒலியை முற்றாக நிறுத்திவிட்டு ஆடுவதுண்டு. அதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை.

போன மாதம் பெரியம்மாவை மறுபடியும் பக்கத்தில் இருத்தி ஓடவிட்டோம். முற்றத்துக்குப் போகவில்லை. ஆட்காட்டி கத்தியபோது, “அந்தா, வருது” என்றார். முடிந்தபின், “பறை கொஞ்சம் கூடிப்போச்சு, யானை பயந்து ஊரை விட்டே போயிடும்” என்றார். கொப்பியை எடுத்து அதையும் எழுதிக்கொண்டோம்.