"ஏன் டீச்சிங்?" என்று கேட்டால் என்ன சொல்வது

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "ஆன்லைன் டியூட்டர் வேலைக்கு இன்டர்வியூ இருக்கு. ஏன் டீச்சிங்னு கேட்டா என்ன சொல்றது?" கேட்டவங்கள்ல நிறைய பேர் இன்ஜினியரிங் முடிச்சவங்க. சிலர் எம்.எஸ்ஸி. மேத்ஸ். பி.எட். முடிச்சுட்டு போஸ்டிங்குக்குக் காத்திருக்கிறவங்களும் உண்டு.

நான் நாலு வருஷமா ஆன்லைன்ல கணக்கு சொல்லித் தர்றேன். கடைசி ரெண்டு வருஷமா இன்டர்வியூ எடுக்கிற பக்கமும் உட்கார்றேன். அதனால இன்னைக்கு மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசப் போறேன்.

"ஏன் டீச்சிங்?" என்று கேட்டதும் பெரும்பாலானவர்கள் சொல்கிற பதில், "சின்ன வயசுலேர்ந்தே டீச்சிங்னா ஒரு பேஷன் சார்." அதுக்கு அடுத்த இடம், "அது ஒரு புனிதமான தொழில் மேடம்." பொய் சொல்றாங்கன்னு நான் நினைக்கலை. ஆனா கேட்கிறவங்க நோட்டுல எழுத அதுல ஒரு வார்த்தை கூட இல்லை. காலையிலிருந்து ஏழு பேர் அதையே சொல்லியிருப்பாங்க. எட்டாவது ஆளா நீங்க உள்ளே வர்றீங்க.

நாங்க நிஜமா தெரிஞ்சுக்க நினைக்கிறது ரெண்டு. இந்த ஆள் மூணு மாசத்துல ஓடிடுவாரா? அஞ்சாவது தடவையா ஒரு குழந்தை "புரியலை"ன்னு சொன்னா எரிச்சல் படுவாரா, இல்லை வேற வழி யோசிப்பாரா? இதை நேரா கேட்டா யாரும் நேரா பதில் சொல்ல மாட்டாங்க. அதனாலதான் சுத்தி வளைச்சு "ஏன் டீச்சிங்?"

எனக்கு மறக்காத பதில் ஒண்ணு இருக்கு. சிவில் இன்ஜினியரிங் முடிச்ச ஒரு பையன். "வேலை தேவை சார், அது முதல் காரணம்"னு ஆரம்பிச்சான். அப்புறம் எதிர்வீட்டுல ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணைப் பத்திச் சொன்னான். மைனஸ் 3-ஐயும் மைனஸ் 5-ஐயும் கூட்டச் சொன்னா அவ ப்ளஸ் 8-னு எழுதுவாளாம். "ரெண்டு மைனஸ் சேர்ந்தா ப்ளஸ்"னு எங்கேயோ கேட்டது மனசுல ஒட்டிக்கிச்சு. இவன் அதைக் கடன் கணக்கா மாத்தியிருக்கான். அண்ணாச்சி கடையில நேத்து மூணு ரூபா கடன், இன்னைக்கு அஞ்சு ரூபா கடன், மொத்தம் என்ன? "எட்டு ரூபா கடன்"னு சொல்லிட்டு அவளே அழிச்சு எழுதியிருக்கா.

இதோட நிறுத்தியிருந்தா அது ஒரு நல்ல பதில், அவ்வளவுதான். ஆனா அவன் தொடர்ந்தான்: "அடுத்த வாரம் மைனஸை மைனஸால பெருக்கறது வந்துச்சு சார். அங்கே கடன் ஓடலை. கடனைக் கடனால பெருக்கினா என்ன அர்த்தம்? இன்னும் நல்ல உதாரணம் தேடிட்டிருக்கேன்." நாங்க மூணு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அடுத்த பத்து நிமிஷம் இன்டர்வியூவே நடக்கலை, அந்தக் கணக்கைத்தான் பேசிட்டிருந்தோம். பேஷன் என்ற வார்த்தையை அவன் ஒரு தடவைகூட சொல்லலை.

சல்மான் கான் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நடிகர் இல்லைங்க, கான் அகாடமி ஆரம்பிச்சவர். 2004-ல் அவர் பாஸ்டனில் முதலீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நியூ ஆர்லியன்ஸில் இருந்த உறவுக்காரப் பெண் நாதியாவுக்கு அளவு மாற்றும் கணக்கு, அதாவது யூனிட் கன்வர்ஷன், வரவில்லை. போனிலும் யாஹூ டூடுலிலும் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அப்புறம் மற்ற உறவுக்காரப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். 2006-ல் யூடியூபுக்குப் போனார். அன்னைக்கு அவர்கிட்ட "ஏன் டீச்சிங்?"னு கேட்டிருந்தா, "ஒரு பொண்ணு ஒரு இடத்துல மாட்டிக்கிட்டா"ங்கறதுதான் நேர்மையான பதிலா இருந்திருக்கும். உங்களுக்கும் அப்படி ஒரு ஆள் இருப்பாங்க. தம்பி, அக்கா பையன், ஹாஸ்டல்ல அரியர் வெச்சிருந்த ரூம்மேட். எந்த இடத்துல மாட்டினாங்க, நீங்க என்ன பண்ணீங்கன்னு யோசிச்சு வைங்க.

அப்படி யாருமே இல்லைன்னா? இன்டர்வியூவுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுப் பையனை ஒரு வாரம் உட்கார வையுங்க. கதை கட்டாதீங்க. ரெண்டாவது கேள்வியிலேயே தெரிஞ்சுடும்.

பணத்தைப் பத்தியும் கேட்டிருந்தீங்க. சம்பளத்துக்காக வர்றேன்னு சொல்லலாமா? தாராளமா சொல்லலாம், ஒரே ஒரு வாக்கியத்துல. அதை மறைச்சு நடிச்சா குரலே காட்டிக் கொடுத்துடும். அதோட கூடவே வர்ற கேள்வி, "ஐ.டி. வேலை கிடைச்சா போயிடுவீங்களா?" "போகவே மாட்டேன் சார்" என்பதை யாரும் நம்புவதில்லை. "எடுத்த பேட்ச்சை மார்ச் பரீட்சை முடியற வரைக்கும் விட மாட்டேன்" என்றால் நம்புவோம். நிஜமா முடியும்னா மட்டும் சொல்லுங்க. ஜனவரியில வாத்தியார் மாறினா பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும். மறுபடி முதல்லேர்ந்து பழகணும், அதுக்குள்ள ரிவிஷன் வந்துடும்.

சரி, ஆன்லைன் பகுதிக்கு வருவோம். "ஆன்லைனில் எப்படி நடத்துவீங்க?" என்றால் உடனே ஜூம், கூகுள் மீட், கஹூட் என்று பட்டியல் வரும். கூகுள் ஜாம்போர்டையும் சேர்த்துச் சொல்றவங்க இருக்காங்க. அதை கூகுள் 2024 கடைசியோட மூடிடுச்சு, ரெஸ்யூமேல மட்டும் இன்னும் உயிரோட இருக்கு. டூல்ஸ் ரெண்டு நாள்ல கத்துக்கலாம். நாங்க கேட்கிறது வேற. கேமரா ஆஃப், மைக் மியூட், திரையில வெறும் எழுத்து வட்டங்கள். அந்தப் பக்கம் பிள்ளைக்குப் புரிஞ்சுதா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

"புரிஞ்சுதா?"ன்னு கேட்பேன்கறது பதில் கிடையாது. "எஸ் சார்"னு வரிசையா சாட்டுல விழும், கேம் விளையாடிட்டிருக்கிறவன் உட்பட. இதைவிட நல்ல வழி: ஒரு கணக்கை வேண்டுமென்றே ஒரு வரியில் தப்பாகப் போட்டுக் காட்டி, எந்த வரி தப்பு என்று கேட்பது. பதிலை எல்லாரும் டைப் பண்ணி வெச்சுக்கணும், நான் மூணு எண்ணினதும் ஒண்ணா அனுப்பணும். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுத முடியாது. இந்த மாதிரி ஒரே ஒரு விஷயம் விவரமா சொன்னா போதும்.

டெமோ கிளாஸ்ல நான் கவனிக்கிறது இன்னொண்ணு, மௌனம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீளமாயின. பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினர். அது நேருக்கு நேர் வகுப்பு. ஆன்லைனில் பிள்ளை மியூட்டை எடுக்கணும், நெட் இழுக்கும். மூணு நொடி எந்த மூலைக்கு? ஆனா டெமோவுல பயத்துல கேள்வியையும் கேட்டு பதிலையும் தானே சொல்லிடறாங்க. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அந்த அமைதி உங்களுக்குத்தான் பயமா இருக்கும், எங்களுக்கு இல்லை.

இன்னொரு விஷயத்தை உங்களில் பலர் பயன்படுத்துவதே இல்லை. 2020-ல பள்ளிக்கூடம் மூடினப்போ நீங்களே ஸ்கூல்ல இருந்தவங்க. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே ரத்தான வருஷம் அது. வீட்டுக்கு ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவார். தங்கச்சிக்கும் அதே நேரத்துல கிளாஸ். எந்த டீச்சர் கிளாஸ்ல மியூட் பண்ணிட்டு எழுந்து போனீங்க? யார் கிளாஸ்ல உட்கார்ந்தீங்க, ஏன்? அந்த அனுபவம் எங்க வயசுக்காரங்களுக்குக் கிடையாது. அதைச் சொல்லுங்க.

கடைசியா, நீங்க கேட்க வேண்டிய கேள்விகள். இதுல கூச்சமே வேண்டாம். சில இடங்கள்ல அகாடமிக் கவுன்சலர், லேர்னிங் கன்சல்டன்ட்னு பேர் இருக்கும், வேலை என்னவோ பெற்றோருக்கு போன் போட்டு கோர்ஸ் விக்கிறது. விக்கிற வேலை கேவலம் இல்லை. ஆனா டீச்சிங்னு நம்பிப் போய் டார்கெட்டுக்கு நடுவுல மாட்டிக்கிட்டவங்க எனக்கு மெசேஜ் பண்ணியிருக்காங்க. அதனால கேளுங்க: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிளாஸ்? டெமோ முடிஞ்சதும் பெற்றோர்கிட்ட பேசுறது நானா, வேற ஆளா? எத்தனை பேரைச் சேர்க்கணும்னு டார்கெட் உண்டா? சம்பளம் மாசக் கணக்கா, கிளாஸ் கணக்கா? ஸ்டூடன்ட் வராம போனா அந்த மணி நேரத்துக்குக் காசு உண்டா? பதில் மழுப்பலா வந்தா எழுத்துல கேளுங்க. ஆஃபர் லெட்டர்ல இல்லாத எதையும் நம்பிப் பழைய வேலையை விடாதீங்க.

அடுத்த எபிசோடுல இருபது நிமிஷ டெமோ கிளாஸை எப்படித் தயார் பண்றதுன்னு பேசலாம். மைனஸ் இன்ட்டு மைனஸுக்கு நல்ல உதாரணம் யார்கிட்டயாவது இருந்தா அனுப்புங்க.