முன் வரிசையில் ஒரு மணி நேரம்



வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்களுக்குப் பிரயாணம் என்பது உல்லாசம் அன்று. அது குடும்பக் கடமைகளில் ஒன்று. கல்யாணம், கருமாதி, பிள்ளைப்பேறு, ஆபரேஷன் என்று ஆண்டுக்கு மூன்று நான்கு முறையாவது மூட்டை கட்ட நேருகிறது. எங்கள் குடும்பம் செகந்தராபாத்தில் மூன்று தலைமுறையாக இருந்து வருகிறது. என் தந்தையார் சென்னைக்குப் போவதென்றால் இரயிலில் மூன்றாம் வகுப்பில்தான் போவார். கூஜாவும் படுக்கைச் சுருளும் புளியோதரைப் பொட்டலமும் அவருடைய பரிவாரங்கள். அந்த மூன்றாம் வகுப்பு 1974இல் இரயில்வேயிலிருந்து மறைந்துவிட்டது. எங்கள் வீட்டார் மனத்திலிருந்து இன்னும் மறையவில்லை. அத்தகைய வீட்டில் பிறந்தவன், ஒரு மணி நேர ஆகாய விமானப் பிரயாணத்திற்கு முதல் வகுப்புச் சீட்டு வாங்கினான் என்றால், அதற்குக் காரணம் கேட்பது நியாயமே.

காரணம் என் தமக்கையாரின் வலது முழங்கால்.

அவருக்கு வயது எழுபத்து மூன்று. பெங்களூரில் அல்சூரில் வாசம். கீழ்த்தளத்து வீடு, பார்த்துக்கொள்ள மனிதர்கள் ஆகிய வசதிகளை உத்தேசித்து, முழங்கால் மாற்று அறுவையை எங்கள் ஊரிலேயே செய்துகொண்டார். ஆறு வாரங்கள் கழிந்தன. ஊருக்குப் போகலாம் என்று டாக்டர் உத்தரவு கொடுத்தார். ஆனால், காலை நெடுநேரம் மடக்கி வைக்கலாகாது, இடையிடையே எழுந்து நடக்க வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தார். இரவு இரயிலில் கீழ்ப்படுக்கை கிடைக்கும். ஆனால் ஓடுகிற வண்டியில் இரவில் கழிவறைக்குப் போய் வருவதை நினைத்தாலே எனக்குக் கலக்கமாக இருந்தது. 2023 செப்டம்பரில் காச்சிகுடாவிலிருந்து யஷ்வந்த்பூருக்கு விடப்பட்ட வந்தே பாரத் வண்டியோ எட்டரை மணி நேரம் உட்கார்ந்தபடியே போக வேண்டியது. ஆகவே விமானம் என்று முடிவாயிற்று.

விமானத்தில் எங்கே உட்காருவது என்பது அடுத்த கேள்வி. சாதாரண வகுப்பில் கால் நீட்ட இடமுள்ள ஆசனங்கள் அபாயகால வாசலை ஒட்டியவை. ஆனால் நடக்கச் சிரமப்படுகிறவர்களை அங்கே அமர்த்துவதில்லை. ஆபத்து நேர்ந்தால் அந்தக் கதவைத் திறந்து பிறருக்கு வழிவிட வேண்டியவர் அங்கே அமர்பவரே. நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆயினும், கால் நீட்ட முடிகிறவனுக்கு இடம் உண்டு, நீட்டியே ஆக வேண்டியவருக்கு இல்லை என்று ஆகிறது அல்லவா? மிஞ்சியது முன்பக்கத்து வகுப்பு. உள்நாட்டு விமானங்களில் அதற்கு இப்போது பிசினஸ் கிளாஸ் என்று பெயர். எங்கள் தெருவில் அதை முதல் வகுப்பு என்றே சொல்லுகிறோம். நானும் அப்படியே சொல்லுகிறேன்.

விலையைக் கேட்டேன். சாதாரணச் சீட்டைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. வரியிலும் பேதம் உண்டு. சாதாரண வகுப்புக்கு நூற்றுக்கு 5. முன்வகுப்புக்கு 12ஆக இருந்தது 2025 செப்டம்பரிலிருந்து 18 ஆகிவிட்டது. தமக்கையாருக்கு மட்டும் முன்னால் ஒரு சீட்டும், எனக்குப் பின்னால் ஒரு சீட்டும் வாங்கினேன். இரண்டும் ஒரே வகுப்பு என்று அவரிடம் சொல்லிவைத்தேன். இந்தப் பொய் எவ்வளவு நேரம் நிலைத்தது என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

எங்களுக்கு வாய்த்தது பெரிய விமானம் அன்று. பிரேஸில் நாட்டு எம்பிரேயர் கம்பெனி செய்யும் 175 என்னும் சிறு ஜெட். நீளம் ஏறக்குறைய 32 மீட்டர். இறக்கைகளின் கீழ் இரண்டு எஞ்சின்கள். சாதாரண வகுப்பில் நடைவழிக்கு இருபுறமும் இவ்விரண்டு ஆசனங்கள். இருவருக்கு நடுவே நசுங்கும் மூன்றாமவர் இந்த விமானத்தில் கிடையாது. முன்வகுப்பில் ஒருபுறம் ஒன்று, மறுபுறம் இரண்டு, இப்படி நான்கு வரிசை. ஆக முன்னால் 12, பின்னால் 64, மொத்தம் 76.

இந்த 76 என்ற எண்ணுக்கு ஒரு கதை உண்டு. இவ்விமானத்தில் நெருக்கி அமைத்தால் 88 பேர் வரை உட்காரலாம். அமெரிக்காவிலோ, பெரிய விமானக் கம்பெனிகள் தங்கள் விமானிகளின் சங்கங்களோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டிருக்கின்றன. பெரிய கம்பெனியின் பெயரில் சிறிய கம்பெனிகள் ஓட்டும் விமானங்களில் 76 ஆசனங்களுக்கு மேல் இருக்கலாகாது, எடை 86,000 பவுண்டைத் தாண்டலாகாது என்பது அதன் சாரம். குறைந்த சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பெரிய விமானங்களை ஓட்டித் தங்கள் பிழைப்பைக் கெடுத்துவிடக் கூடாதே என்பது சங்கத்தாரின் கவலை. ஆசனத்தின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியானபின் மிச்சமுள்ள இடத்தை என்ன செய்வது? அகலமான ஆசனங்களைப் போட்டு முதல் வகுப்பு என்று விற்றார்கள். கடல் கடந்த ஒரு தொழிற்சங்க உடன்படிக்கைக்கு ஏற்ப வகுத்த 12, 64 என்ற கணக்கே என் தமக்கையார் ஏறிய விமானத்திலும் இருந்தது. உலகத்தில் எது எதனோடு முடிச்சுப் போட்டிருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்!

இனி, நேரக் கணக்கு. ஒரு காலத்தில் விமானம் ஏற ஊரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. 1945இல் தொடங்கி 1953இல் தேசியமயமாகும் வரை நடந்த டெக்கான் ஏர்வேஸின் டக்கோட்டா விமானங்கள் பேகம்பேட்டையிலிருந்தே புறப்பட்டன. எங்கள் வீட்டிலிருந்து அது கூப்பிடு தூரம். 2008 மார்ச்சில் ஹைதராபாத்தின் விமான நிலையம் ஷம்சாபாத்துக்குப் போயிற்று. அதே ஆண்டு மே மாதம் பெங்களூரின் நிலையம் தேவனஹள்ளிக்குப் போயிற்று. வீட்டிலிருந்து ஷம்சாபாத்துக்கு ஒன்றே கால் மணி. அங்கே இரண்டு மணி காத்திருப்பு. தேவனஹள்ளியிலிருந்து அல்சூருக்கு ஒரு மணிக்கு மேல். நடுவே பறப்பது என்னவோ முக்கால் மணியிலிருந்து ஒரு மணிதான். அதிலும் ஏறுவதற்குக் கால் மணிக்கு மேல், இறங்குவதற்கு அதைவிடச் சற்று அதிகம். இடையே சமமாகப் பறக்கும் இருபது நிமிஷத்துக்குள் பணிப்பெண் பன்னிரண்டு பேருக்கும் தட்டு வைத்து, தட்டு எடுத்துவிட வேண்டும். முதல் வகுப்பு உபசாரம் என்று நாம் விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அந்த இருபது நிமிஷத்தைத்தான்.

ஷம்சாபாத்தில் எல்லாம் முறைப்படி நடந்தது. சக்கர நாற்காலி வேண்டுமென்று முன்னதாகவே எழுதிக் கொடுத்திருந்தேன். நாற்காலியோடு மனிதரையும் வாசல் உயரத்துக்குத் தூக்கிவிடும் வண்டி ஒன்று உண்டு. அது தயாராக நின்றது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. தமக்கையாரைத் தனி ஆசனத்தில் உட்கார வைத்தேன். முதல் வரிசையில் எதிரே தடுப்புச் சுவர் இருப்பதால் காலை முழுவதும் நீட்ட முடியாது என்று விசாரித்து, இரண்டாம் வரிசையையே கேட்டு வாங்கியிருந்தேன். பிறகு நான் பின்னால் நடந்தேன். சற்று நேரத்தில் இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு திரை இழுக்கப்பட்டது.

அந்தத் திரையைப் பற்றி ஒரு வார்த்தை. அது வெறும் துணி. அதற்கு அப்பால் போகிறவர்களும் இதே நேரத்தில்தான் பெங்களூருக்குப் போய்ச் சேருகிறார்கள். ஆயினும் என் தமக்கையார் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக இருந்தபோது, சிறுவயதில் பந்தியில் அவர் எனக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. இப்போதாவது முறை மாறியதே என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். அந்தத் திருப்தி பத்து நிமிஷங்கூட நிலைக்கவில்லை.

பணிப்பெண் திரையை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். கையில் ஒரு காகிதக் கைக்குட்டையில் பாதி வடையும் ஓர் இனிப்பும் இருந்தன. “முன்னால் இருக்கும் அம்மையார் கொடுத்தார். நீங்கள் சாப்பிட்டால்தான் தாமும் சாப்பிடுவாராம்” என்றாள் இந்தியில். என் பக்கத்து ஆசனக்காரர் சிரித்தார். பின்னால் இருப்பவர்கள் பலகாரத்தைக் காசு கொடுத்து வாங்க, முன்னால் மட்டும் பீங்கான் தட்டில் கொண்டுவந்து வைத்ததைப் பார்த்த மாத்திரத்தில் தமக்கையாருக்கு என் பொய் விளங்கிவிட்டது. தையற்பள்ளி நடத்திக் கணக்கு எழுதிய கை அல்லவா?

பெங்களூரில் இறங்கியபோதுதான் உண்மையான சோதனை. விமானத்தைக் கட்டிடத்தோடு இணைக்கும் பாலத்தில் கொண்டு நிறுத்தாமல், தூரத்து மைதானத்தில் நிறுத்தினார்கள். படிக்கட்டு வந்தது. தூக்கும் வண்டி வரவில்லை. வேறொரு விமானத்துக்குப் போயிருக்கிறது, இதோ வந்துவிடும் என்றார்கள். மற்றப் பிரயாணிகள் எல்லோரும் இறங்கிப் போனார்கள். முன்வகுப்புக்காரர்களுக்கென்று தனி வண்டி வந்து, அதுவும் போயிற்று. துப்புரவுக்காரர்கள் துடைப்பத்தோடு வாசலில் நின்றார்கள். இருபத்தைந்து நிமிஷம் கழிந்தது. அத்தனை நேரமும் விசாலமான அந்த ஆசனத்தில் தமக்கையார் காலை நீட்டிக்கொண்டு சௌகரியமாகவே இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஆசனத்தால் அவரைத் தரையில் கொண்டுபோய் விட முடியவில்லை.

“போதுமடா தம்பி, நான் இறங்குகிறேன்” என்று எழுந்துவிட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. விழுந்தால் என்ன ஆகும் என்பதை டாக்டர் சொல்லியிருந்தது என் காதில் ஒலித்தது. “வேண்டாம் அக்கா, இன்னும் ஐந்து நிமிஷம் பார்ப்போம்” என்றேன். “ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோய்க் கால் முன்னே. இதைத்தானே ஆறு வாரமாக எனக்குப் பாடம் சொன்னார்கள்?” என்று கைப்பிடியைப் பிடித்தார்.

மூட்டை இறக்கும் தொழிலாளி ஒருவன், இருபத்தைந்து வயதிருக்கும், இதைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு படியேறி வந்தான். தமக்கையாருக்கு இரண்டு படி கீழே, அவர் முகத்தைப் பார்த்தபடி நின்று, பின்புறமாகவே ஒவ்வொரு படியாக இறங்கினான். “நிதான அஜ்ஜி, நிதான” என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே வந்தான். நான் பின்னால் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டேன். பதினான்கு படிகள். ஒவ்வொன்றையும் எண்ணினேன். கீழே வந்ததும் தமக்கையார் அவன் பெயரையும் ஊரையும் கன்னடத்திலேயே விசாரித்து, கைப்பையிலிருந்து ஐநூறு ரூபாயை எடுத்து நீட்டினார். அவன் வாங்கவில்லை. மறுபடியும் கையுறையை மாட்டிக்கொண்டு மூட்டைகளிடம் போய்விட்டான். தூக்கும் வண்டி அப்போதுதான் தூரத்தில் மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

விமானக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. வருந்துகிறார்களாம், அடுத்த முறை முன்வகுப்பில் பிரயாணம் செய்தால் கட்டணத்தில் சலுகை தருவார்களாம்.

அப்படியானால் அந்தப் பணம் வீணா என்று என் மனைவி கேட்டாள். வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தகைய சிறு ஜெட்டுகளில் பின்வகுப்பில் ஓர் ஆசனத்துக்கும் அடுத்த ஆசனத்துக்கும் இடைவெளி 30 அல்லது 31 அங்குலம். முன்வகுப்பில் 36, 37 அங்குலம். ஆறு அங்குல வித்தியாசந்தான். நல்ல முழங்கால் உள்ளவனுக்கு ஒரு மணி நேரத்துக்கு அந்த ஆறு அங்குலம் ஆடம்பரம். புதிதாகப் பொருத்திய மூட்டுக்கு, வீக்கமில்லாமல் வீடு போய்ச் சேருவதற்கு அது வேண்டியிருந்தது. வீக்கமில்லாமலே போய்ச் சேர்ந்தார். படிக்கட்டுக்கு மட்டும் நான் வாங்கிய சீட்டில் விடை இல்லை. தூக்கும் வண்டியை உறுதி செய்துகொள்ள இரண்டாம் முறை தொலைபேசியில் பேசியிருக்க வேண்டும். ஆசனத்தின் அங்குலங்களை விசாரிப்பதில் இருந்த சிரத்தை எனக்கு அதில் இல்லாமற்போயிற்று.

அல்சூர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது தமக்கையார் அலமாரியைத் திறந்து பணத்தை எண்ணி என் முன்னே வைத்தார். இரண்டு சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொண்டாரோ, ரூபாய் சரியாக இருந்தது. நான் எடுத்துக்கொள்ளவில்லை. புறப்படும்போது என் பையில் முறுக்கு டப்பாவை வைத்தார். ஹைதராபாத்துக்குத் திரும்பி அதைத் திறந்தபோது, முறுக்குக்கு அடியில் அந்தப் பணம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. டாக்டரிடம் காலைக் காட்ட அவர் மறுபடியும் வர வேண்டும். அந்தப் பணத்தைத் தனியே ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். முன்னாலா, பின்னாலா என்பதை இம்முறை அவரே சொல்லட்டும்.