உப்பும் நிறுவையும்



கலைப் பட்டதாரியாகிய நான் இரசாயனம் பேச வந்தமை சிலருக்கு வியப்பளிக்கலாம். எங்கள் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாதிருந்த ஒரு தவணையில், உப்பைத் தூய்மையாக்கும் பரிசோதனையை மேற்பார்வையிடும் பொறுப்பு அதிபராகிய என்மீது விழுந்தது.

மாணவர் ஒவ்வொருவரும் 100 கிராம் உப்பளத்து உப்பை 300 கிராம் நீரிற் கரைத்து வடித்தனர். மண்ணும் தூசும் வடிதாளில் தங்கின. ஒரு மாணவன் நீர் முற்றாக வற்றும்வரை காய்ச்சி, 99 கிராம் வெள்ளை உப்பைக் காட்டினான். பாராட்டினேன். ஒரு மாணவியோ ஏறக்குறைய 50 கிராம் நீர் எஞ்சியிருக்கையில் காய்ச்சுவதை நிறுத்தி, ஆறவிட்டு, படிந்த பளிங்குகளை மட்டும் எடுத்தாள். 77 கிராமே தேறியது. அவளது குறிப்பேட்டில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினேன்.

மாரி பிறந்ததும் மாணவனின் உப்புக் கசிந்து கட்டிபட்டது. மாணவியின் உப்போ பொலபொலவென்று உதிர்ந்தது. அப்பொழுதுதான் நான் நூலைப் புரட்டினேன்.

கடலுப்பிலே மகனீசியங் குளோரைட்டும் கலந்திருக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது அதுவே. அது நீரில் நன்றாகக் கரைவதால் வடிதாளைக் கடந்து சென்றுவிடும். கரைசலை வற்றக் காய்ச்சினால் உப்போடு அதுவும் பாத்திரத்திலேயே தங்கிவிடுகிறது. சிறிது நீரை மிச்சம் வைத்தால் அது அந்நீரிலேயே கரைந்து நின்றுவிடும். உப்பளங்களிலும் உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரை வெளியேற்றுவது இதன் பொருட்டே.

வெறுமனே சூடாக்கி ஆறவிட்டாற் போதாதோ? வெடியுப்புக்கு அது பொருந்தும், கறியுப்புக்குப் பொருந்தாது. 100 கிராம் நீரிலே கறியுப்பு 30 பாகையில் ஏறக்குறைய 36 கிராமும், கொதிநிலையில் 39 கிராமுமே கரையும். ஆறவிடுவதாற் கிடைப்பது 3 கிராம்! ஆகவே நீரை ஆவியாக்கியே தீரவேண்டும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். அந்த 100 கிராமில் 95 கிராம் உண்மையான சோடியங் குளோரைட்டு என்று கொள்வோம். எஞ்சிய 50 கிராம் நீர் 18 கிராமைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். 95இலிருந்து 18 போக, 77. அவள் எதையும் சிந்தவில்லை.

மாணவனின் 99 கிராமில் நான்கு கிராம் மாசு. சோடியத்துக்கு 23, குளோரீனுக்கு 35.5 என்று கூட்டி, ஒரு மூலுக்கு 58.5 கிராம் நிறுப்பவர், அவனது உப்பை நிறுத்தால் ஏறக்குறைய 56 கிராமையே பெறுவார். தராசு இவ்வேறுபாட்டைச் சொல்லாது.

குறிப்பேட்டில் நான் எழுதிய சொல்லை அடித்துக் கையொப்பமிட்டேன். அதன் கீழே அவள் முன்னரே சிறிய எழுத்தில், ‘மாசு நீரோடு போகட்டும் என்று விட்டேன்’ என எழுதியிருந்தாள். நான் அதை வாசித்திருக்கவில்லை.