பால் காய்ச்சும் முன்னே



வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் முதலில் பால் காய்ச்சுவார்கள். அந்தப் பால் பொங்குவதற்கு முன்னே, வீட்டுக்காரர் முடித்துவைக்க வேண்டிய வேலைகள் சில உண்டு.

வெள்ளையடித்தால் மட்டும் போதாது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும். ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும். பழைய கரண்ட் பில்லைக் கட்டிவிட்டு, மீட்டர் ரீடிங்கை இருவரும் சேர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஃபேன் எத்தனை, சாவி எத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால், காலி செய்யும் நாளில் மனக்கசப்பு வராது.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவும் செய்ய வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, புதிதாகக் குடிவருகிறவர்களுக்காக அடுப்படியில் ஒரு குடம் நல்ல தண்ணீர் பிடித்து வைப்பார். மூடிமேல் ஒரு துண்டுச் சீட்டு: "குழாயில் தண்ணீர் காலை ஆறு மணிக்கு வரும். மோட்டார் சுவிட்ச் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது."

சாமான் இறக்கிக் களைத்து வருகிறவருக்கு, 'இனி இது உங்கள் வீடு' என்று அந்தக் குடம் தண்ணீரே சொல்லிவிடும்.